செம்மநத்தத்துப் பாறையில் அயர்லாந்து செமஸ்டர்

வெளிநாட்டுக்குப் போகாமலேயே வெளிநாட்டு மாணவி என்று பெயர் வாங்கியவள் நான். அந்தப் பெயர்கூடப் பரவாயில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு பெயர்தான் இன்றுவரை முழுசாகப் போகவில்லை.

கொரோனா முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம். மல்ட்டிமீடியாவும் வெப் டெவலப்மென்ட்டும் படிக்க அயர்லாந்தில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. அப்பா ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். அதாவது ஆட்களுக்குப் பேர் போட்டு, வேலை பிரித்துக் கொடுத்து, முதலாளிக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். எங்கள் குடும்பத்தில் யாரும் கடல் தாண்டியதில்லை. (நானும் தாண்டவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

ஊரில் யாருக்கும் அந்த நாட்டின் பெயர் வாயில் நிற்கவில்லை. தாய்லாந்து என்றார்கள், நாகாலாந்து என்றார்கள். நான் ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்தினேன். அந்த வாரங்களில் என்னை யாரும் அறையாமல் விட்டது எங்கள் மலைக்காரர்களின் பெருந்தன்மை. யாராவது "சாப்டியா கண்ணு?" என்று கேட்டால் "யா" என்பேன். என்னிடம் இருந்த சுடிதார்களையெல்லாம் "அங்கே இதெல்லாம் தேவைப்படாது" என்று சித்தப்பா மகளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வழியனுப்பு விழாவில் பொன்னாடை போட்டார்கள். பதிலுக்கு நான் உரை ஆற்றினேன். "மலையில் பிறந்துவிட்டோமே என்று மலைத்து நிற்காதீர்கள்" என்று பேசியது ஞாபகம் இருக்கிறது. கை தட்டினார்கள். நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

மலைக்கு வருகிற பஸ்ஸெல்லாம் திரும்புகிற ஒண்டிக்கடை முக்கில் அப்பாவின் நண்பர்கள் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். "கடல் கடந்து கல்வி பயிலச் செல்லும் எங்கள் கோகிலா" என்று பெரிய எழுத்து, என் பாஸ்போர்ட் போட்டோ, அதற்குப் பின்னால் சுதந்திர தேவி சிலை. அந்தச் சிலை அமெரிக்காவில் இருக்கிறது என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் சொன்னேன்.

"அதும் ஃபாரின்தானுங்களே?" என்றார்.

இத்தனையும் விசா கையில் வருவதற்கு முன்பு. சேலத்தில் இருந்த கன்சல்டன்சிக்காரர் "வந்த மாதிரிதானுங்க" என்று சொன்னதை அப்பா "வந்துவிட்டது" என்று காதில் வாங்கிக்கொண்டார். கிளம்புகிற அன்று எல்லோரும் அழுது, கையசைத்து, அப்பாவும் நானும் பெட்டிகளோடு சேலத்தில் அவர் ஆபீஸில் போய் இறங்கினோம். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "இன்னும் கொஞ்சம் பேப்பர் கேட்டிருக்காங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆகலாம். காலேஜ்ல பேசியாச்சுங்க, அதுவரைக்கும் ஆன்லைன்ல கிளாஸ் கேட்டுக்கலாம்" என்றார்.

அப்பா அங்கே கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "ஊருல என்னனு சொல்றதுங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க."

வாசலில் வந்து நின்றோம். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "நம்ம ஊட்டுக்கு இப்ப வேண்டாம் கண்ணு. செம்மநத்தத்துல உங்க சித்தி ஊட்டுல இரு. விசா வந்ததும் அப்படியே ஏர்போர்ட் போயிரலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். எனக்கு அப்போது அது ஏதோ உளவு வேலை மாதிரி சுவாரசியமாகக்கூட இருந்தது. முட்டாள்தனத்துக்கும் ஒரு வயசு இருக்கிறது.

வாடகைக் காரில் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம். ஒண்டிக்கடையில் ஒரு பஸ் திரும்பத் திணறி, கார் நின்றுவிட்டது. நின்ற இடம் என் ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே. மேலே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே நான் சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தேன். செம்மநத்தம் போகிற ரோடு அகலம் குறைவு, வளைவு அதிகம். இறங்கியதும் சித்தி வீட்டை நெருங்கக்கூட முடியவில்லை. பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவின் வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

வாந்தி எடுத்தபடி பெட்டியோடு வந்து இறங்குகிற கல்யாணம் ஆகாத பெண். இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்?

இருந்தும் சித்தி ஒழுங்காக ஒரே பொய்யைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். சித்திக்குப் பொய் வராது. தண்ணீர்க் குழாயடியில் "பேங்க் பரீட்சைக்குப் படிக்குது" என்றாள். ரேஷன் கடையில் "ஒடம்புக்கு முடியலை" என்றாள். ராசம்மா அக்கா நேராகவே கேட்டபோது பதறிப்போய், "அவங்கப்பா கொஞ்ச நாளைக்கு இங்க வெச்சுக்கச் சொன்னாருங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். மூன்றிலும் மோசமானது அதுதான்.

வீட்டுக்குள் சிக்னல் வராது. பின்பக்கம் காபிச் செடிகளுக்கு மேலே ஒரு பாறை இருந்தது. அங்கே மட்டும் நெட் கிடைக்கும். அயர்லாந்தில் காலை வகுப்பு என்றால் நமக்கு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு, குடையும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு பாறையில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் அந்த வழியாகத்தான் போவார்கள்.

வகுப்பில் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒரு ஊரைப் பற்றி, படத்தைத் தொட்டால் சத்தம் கேட்கிற மாதிரி ஒரு வெப்சைட் செய்ய வேண்டும். என் ஜோடி, பிரேசிலிலிருந்து அயர்லாந்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு பையன். பெயர் தியாகோ. படம், வண்ணமெல்லாம் அவன், கோடிங் நான். ஏற்காட்டைப் பற்றிச் செய்யலாம் என்று அவன்தான் சொன்னான். காபிப் பழம் அரைக்கிற மெஷின், வளைவில் பஸ் அடிக்கும் ஹாரன், மழை, எல்லாவற்றையும் பதிவு செய்து அனுப்பினேன். முதல் பக்கத்தில் வரவேற்புக்குத் தமிழில் ஏதாவது பேச வேண்டும் என்று ஆசைப்பட்டான். "வணக்கம்" சொல்லிக் கொடுத்தேன். பெரியவர்களை அங்கிள் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டான். "மாமா" என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

சிக்னல் அடிக்கடி விட்டுப் போகும். அதனால் மலைக்கே கேட்கிற மாதிரி நான் கத்திக்கொண்டிருந்தது ஒரே வாக்கியம். "தியாகோ! நான் பேசறது கேக்குதா? தியாகோ, போயிராத! தியாகோ!"

இங்கிலீஷில்தான் கத்தினேன். ஆனால் கீழே போகிற பெண்களுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். தியாகு.

சில நாளில் ராசம்மா அக்கா ஒரு கிண்ணத்தில் நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்தார். "வாய்க்குப் புளிப்பா எதாச்சும் வேணும்னா கேளு சாமி. வெக்கப்படாத" என்றார். சித்தி சமையலில் உப்பே இருக்காது. நான் கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் இருக்குங்களா அக்கா?" என்று கேட்டேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்து, எவ்வளவு பாசமான மனுஷி என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் அவர் சாமான் வாங்க ஒண்டிக்கடைக்குப் போனார். மழையில் வெளுத்திருந்தாலும் ஃப்ளெக்ஸில் என் முகம் அப்படியேதான் இருந்தது. யார் இந்தப் பெண் என்று விசாரித்தார். கொட்டச்சேடு ரைட்டர் மகள், ஃபாரின் போயாச்சு என்றார்கள். அவ்வளவுதான், கதை முழுமையாகிவிட்டது. மகள் ஃபாரின் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, தியாகு என்கிற பையனால் வந்த வினையைச் செம்மநத்தத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். உண்மையைவிட அந்தக் கதை ஒழுங்காகக் கோத்திருந்தது என்பதை நானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கதை பெரியப்பா காதுக்குப் போனது. அப்பாவின் அண்ணன். நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நின்று பேசுகிறவர் அவர்தான். அப்பா எப்போதும் அவருக்கு ஓரடி பின்னால்தான் நிற்பார். நான் ஊரில் இருப்பதே பெரியப்பாவுக்குத் தெரியாது. அப்பாவை எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேராகச் செம்மநத்தம் வந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் எங்கள் வெப்சைட்டை வகுப்பில் செய்து காட்டும் நாள். கல்லூரி மேடமும் வகுப்பில் படிக்கிற எல்லோரும் திரையில் இருந்தார்கள். பஸ் படத்தைத் தொட்டேன். ஹாரன் அழகாக அடித்தது. சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தால், பாறை மேல் பெரியப்பா ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அப்பா, மாவுக் கையோடு சித்தி, ராசம்மா அக்கா, வேலையை விட்டுவிட்டு வந்த சில பெண்கள்.

"எவன் அந்தத் தியாகு?"

"பெரியப்பா, ஒரு நிமிஷம், கிளாஸ் நடக்குதுங்க..."

"எத்தனை மாசம் ஆச்சு?"

செமஸ்டரைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "மூணு மாசம் முடிஞ்சுதுங்க பெரியப்பா."

ராசம்மா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆளைக் காட்டுடீ!" என்று பெரியப்பா கத்தினார். தன் பெயர் அடிபடுவதைக் கேட்ட தியாகோ கேமராவுக்கு நெருங்கி வந்தான். சுருட்டை முடி, தாடி, திரை நிறைய முகம். பெரியவர் ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, நான் சொல்லிக் கொடுத்ததைத் துளி பிசகாமல் சொன்னான்.

"வணக்கம் மாமா!"

"ஐயோ சாமி, மாமாங்கறானே!" என்றது கூட்டம்.

பெரியப்பாவே ஒரு கணம் தடுமாறிப் போனார். கும்பிட்டவனை எப்படித் திட்டுவது? குரலைத் தணித்து லேப்டாப்பைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா? கூப்பிடுங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்றார். தியாகோ தலையை ஆட்டி மறுபடியும் "வணக்கம் மாமா" என்றான். மேடம் மிகுந்த ஆர்வத்தோடு, "கோகிலா, உங்கள் வெப்சைட்டைச் சோதித்துப் பார்த்த உள்ளூர் மக்கள் இவர்கள்தானா?" என்று கேட்டார்.

இதுவரைக்கும் சிரித்துவிடலாம். இதுவரைக்கும்தான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். விசா வரலை. ஜீப்பில் ஏறும்போதே சொல்லியிருக்கலாம். வந்த வழியில் எந்த வளைவிலாவது சொல்லியிருக்கலாம். பெரியப்பா என்னைப் பார்த்து, "உங்கப்பன் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடீ" என்று சொன்னபோதாவது சொல்லியிருக்கலாம். அப்பா ஒரு காபிச் செடியின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. விசா வராததும் மகள் கெட்டுப்போனதும், இரண்டில் எது குறைந்த அவமானம் என்று மனசுக்குள் நிறுத்துப் பார்த்தாரா, இல்லை நாக்குதான் எழவில்லையா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

கடைசியில் நானேதான் கத்தினேன். "எனக்கு விசா வரலை! நான் எங்கயும் போகலை! இந்தப் பாறையில உக்காந்து படிச்சிட்டிருக்கேன். அந்தப் பையன் பிரேசில்காரன், என்னை நேர்ல பார்த்ததுகூட இல்லை!"

மைக் போட்டபடியே இருந்தது. வகுப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விசா என்கிற சொல் தெரியும். அந்த வகுப்பில் பாதிப் பேர் எங்கெங்கிருந்தோ விசா வாங்கிப் போனவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நைஜீரியாக்காரப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தியாகோ கூப்பிய கையை மெல்ல இறக்கினான்.

பாறையில் ராசம்மா அக்காதான் முதலில் பேசினார். "அப்ப ஒண்ணுமே இல்லீங்களா?" வரவேண்டிய பஸ் இன்றைக்கு இல்லை என்று கேள்விப்பட்டவர் குரல் மாதிரி இருந்தது.

பெரியப்பா அப்பா பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாடா?"

"ம்."

"அப்பறம் ஏன்டா வாயத் தொறக்கல?"

அப்பா இலையை விட்டுவிட்டார்.

அதே ஜீப்பில் ஊருக்குத் திரும்பினேன். கொஞ்ச நாளில் விசா மறுப்பும் வந்து சேர்ந்தது. படித்து முடித்ததும் சொந்த ஊருக்குத் திரும்பிப் போவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். ஊரை விட்டே போக முடியாதவளைப் பார்த்துச் சொன்ன காரணம் அது. அந்த ஒரு செமஸ்டரோடு என் அயர்லாந்து முடிந்தது. எங்கள் வெப்சைட்டுக்கு நல்ல மதிப்பெண்தான். இப்போது ஏற்காட்டில் இருக்கிற ஹோம்ஸ்டேக்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் செம்மநத்தம் பக்கம் விசாரித்துவிட்டு, பிறகு போன் எடுக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் என்னிடமே கேட்டார். முழுக்கதையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அடுத்த முகூர்த்தத்திலேயே கட்டிக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி முடிந்ததும் யாராவது, "ரைட்டரே, அந்தத் தியாகு கதையைச் சொல்லுங்க" என்பார்கள். அப்பா நன்றாகவே சொல்வார். பெரியப்பா கத்துகிற இடத்தில் கத்துவார். தியாகோ கும்பிடுகிற இடத்தில் கும்பிடுவார். அதற்கப்புறம் எழுந்து நின்றுகொள்வார்.

"நான் பார்த்தனுங்க. நேரா முன்னால போய் நின்னேன். அண்ணா, எம்புள்ளைய ஒரு சொல்லு சொல்லாதீங்க. விசா வரலை, அவ்வளவுதான். தப்பு என்னோடதுன்னேன். அண்ணன் கப்புனு அடங்கிட்டாருங்க."

பெரியப்பா உயிரோடு இருந்தவரை அந்த இடம் வரும்போது அப்பா கொஞ்சம் தயங்குவார். இப்போது தயங்குவதில்லை. எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் யாராவது ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு அப்பன் கெடைக்க நீ நொம்பக் குடுத்து வெச்சிருக்கணும் கண்ணு" என்பார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு எச்சில் இலை எடுக்கப் போய்விடுவேன்.