மூன்றாவது வரிசையில் உங்கள் அத்தை

நல்லம்பள்ளி,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிரபாகர் அவர்களுக்கு,

மாமனார் மாரியப்பன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை மணிமேகலையும் சுகம். அத்தையின் முழங்கால் மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வருகிறது. ஓசூரில் நீங்களும் கவிப்பிரியாவும் பாப்பாவும் உங்கள் அப்பா அம்மாவும் சுகமாக இருக்கத் தீர்த்தமலையானை வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிங்க மாமா, ஷிஃப்டுக்கு டைம் ஆச்சுங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். தவிர, இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவன், பணிமனை மேலாளருக்கு எழுதிய விளக்கக் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கும். அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாதம் பாப்பாவுக்குத் தீர்த்தமலையில் மொட்டை, அதற்குள் கார் வாங்க வேண்டும், இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், எது தேவலை என்று ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் மாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று ஐந்து பேர் உட்காரும் வெள்ளை வண்டி, மற்றது ஏழு பேர் உட்காரும் பழுப்பு வண்டி. எனக்குப் பாரபட்சம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். ஆனாலும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நீங்கள், கவிப்பிரியா, பாப்பா, உங்கள் அப்பா, உங்கள் அம்மா. வெள்ளை வண்டி அத்தோடு நிறைந்துவிடுகிறது. அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேரும் எங்கே உட்காருவது என்று நான் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் அதைக் கேட்பது முறையும் இல்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஷோரூமுக்கு நானும் அத்தையும் போனோம். மலர்விழி என்று ஒரு விற்பனைப் பெண், நல்ல பெண், என்னால் அவள் வேலைக்கு எதுவும் ஆகாமல் இருக்க வேண்டும். "எந்தப் பக்கம் போலாங்க சார்?" என்றாள். கடைசி ஆறு வருடம் நான் டவுன் பஸ் ஓட்டிய நல்லம்பள்ளி ரோட்டையே சொன்னேன். முதலில் வெள்ளை வண்டி. அதில் சாவி போட ஓட்டையே இல்லை, பொத்தானைத்தான் அமுக்க வேண்டுமாம். அமுக்கினேன், சத்தமே வரவில்லை. மறுபடி அமுக்கினேன். "ஆன்லதாங்க சார் இருந்துச்சு, இப்பத்தான் ஆஃப் பண்ணிட்டீங்க" என்றாள். ஒருவழியாகக் கிளம்பினால், ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டை லேசாகத் தாண்டியதும் ஸ்டியரிங் தானாக என் கையை இழுத்துத் திருப்புகிறது. இருபத்தெட்டு வருடத்தில் என் கையைப் பிடித்து ஓட்டக் கற்றுக்கொடுத்த முதல் ஆள் இந்த வண்டிதான் மாப்பிள்ளை, எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வழியில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது, நான் மிதிப்பதற்கு முன்னால் அதுவே பிரேக் போட்டுக்கொண்டது. அப்புறம் நான் எதற்கு? கூரையில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், நம்ம மாவட்டத்து வெயிலை வண்டிக்குள் வேறு விட வேண்டுமா? குலுங்கவே இல்லை. அத்தை பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார், பயணத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டாமா? டிக்கியைத் திறந்து பார்த்தேன், இரண்டு பேர் தாராளமாக உட்காரும் இடத்தைச் சும்மா காலியாகப் போட்டிருக்கிறார்கள். ஆகவே வெள்ளை வண்டி தகுதியில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

அடுத்து பழுப்பு வண்டி. ஏழு பேர் வண்டியை மூன்று பேர் உட்கார்ந்து சோதித்தால் அது சோதனையாகுமா என்ற யோசனை எனக்கு முதலிலிருந்தே இருந்தது. அத்தையை மூன்றாவது வரிசையில் ஏற்றினோம். நடு சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு காலை விட்டு, மறு காலைக் கையால் தூக்கி விட்டு அவரே ஏறிக்கொண்டார். முழங்கால் முகவாயைத் தொட்டது உண்மை, ஆனால் லேசாகத்தான். நல்லம்பள்ளி வரை போய்த் திரும்பி வருகையில் ஒரு நிறுத்தத்தில் கூட்டம் நின்றது. நான் ஒன்றும் நினைக்கவில்லை மாப்பிள்ளை, வலது கால் என்னைக் கேட்காமல் பிரேக்கை மிதித்துவிட்டது. நம்ம பழைய பயணி ரோசம்மாள் இரண்டு தக்காளிக் கூடையோடு வந்து கதவைத் திறந்தார். "ஏண்ணே, பஸ்ஸைச் சின்னதாக்கிட்டாங்களா? இதுலயும் லேடீஸுக்கு ஃப்ரீ தானுங்களே?" மலர்விழி பதறிப்போய், "ஐயோ, இது டெஸ்ட் டிரைவுங்க!" என்றாள். "எதுவா வேணா இருக்கட்டும் கண்ணு, அதியமான்கோட்டைல நிக்குமில்ல?" என்று சொல்லிக்கொண்டே ரோசம்மாளும் கூட வந்த இரண்டு பெண்களும் நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கூடை மடியில், இன்னொன்று பின்னால் அத்தைக்குப் பக்கத்தில். ஆக ஏழு இடமும் நிறைந்தது. ரோசம்மாள் ஜன்னல் வழியே கையை விட்டுக் கதவை வெளிப்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டி "ரைட்டு, போலாம்!" என்றார். அந்தத் தட்டைக் கேட்டு நாலு வருடம் ஆகிறது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், நானும் பழைய பழக்கத்தில் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டேன். அப்புறம் வந்த மூன்று நிறுத்தத்திலும் நின்றுதான் போனேன்.

வழி நெடுக அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தைந்து வருட இல்லறத்தில் இது முதல் தடவை, ஆகவே சவுகரியமாகத்தான் இருந்திருக்கிறார். ஷோரூம் வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள், அத்தை மட்டும் இறங்கவில்லை. மடக்கும் விசையில் கூடைப் பிரம்பு மாட்டிக்கொண்டு நடு சீட்டு மடங்க மாட்டேன் என்றது. "ஆத்தா, காலை இப்பிடி நீட்டுங்க", "நீட்றதுக்கு எங்கடி இடம்?" என்று மலர்விழிக்கும் அத்தைக்கும் கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் பின் கதவைத் திறந்து, முதலில் தக்காளியையும் அடுத்து அத்தையையும் ரோசம்மாளும் மலர்விழியும் இறக்கினார்கள். அத்தை தரையைத் தொட்டுக் கும்பிட்டார். புது வண்டிக்கு மரியாதை செய்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். சீட்டில் கொஞ்சம் தக்காளி நசுங்கியிருந்தது, நானே துடைத்துக் கொடுத்துவிட்டேன்.

எனவே நடுநிலையோடு ஆராய்ந்து பார்த்ததில் பழுப்பு வண்டியே குடும்பத்துக்கு உகந்தது. அதையே வாங்கவும். பாப்பாவுக்கு முத்தம். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கம். கவிப்பிரியாவும் நீங்களும் போகிற பாதையெல்லாம் பள்ளமில்லாமல் இருக்க ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்,
க. மாரியப்பன்,
ஓட்டுநர் (ஓய்வு).

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதறேங்க. உங்க மாமா கவர் வாங்கத் தபாலாபீசுக்குப் போயிருக்காரு. மேல எழுதினது எதையும் நம்பாதீங்க. வெள்ளை வண்டியையே வாங்குங்க, பாப்பா அலுங்காம தூங்கும். மொட்டைக்கு நானும் உங்கம்மாவும் பஸ்ல வந்துடறோம். நேத்தே போன்ல பேசி முடிவு பண்ணிட்டோம், எங்களுக்கு உங்களைப் பத்தியெல்லாம் பேச நெறைய இருக்குது. அப்ப கார்ல ஒரு சீட்டு மிச்சமாகும். அதுல உங்க மாமாவை ஏத்திக்குங்க, ஆனா பின்னாடி மட்டும் உட்கார வெச்சுடாதீங்க. ரிட்டையர் ஆன நாள்ல இருந்து மனுசன் வூட்ல டிவி பாக்கும்போதுகூட ரெண்டு கையையும் வட்டமா வெச்சுட்டு உட்காந்திருக்காரு, எனக்குப் பாக்கவே கஷ்டமா இருக்குதுங்க. "மாமா, தீர்த்தமலைக்கு வண்டியை நீங்கதான் ஓட்டணும்"னு ஒரு வார்த்தை கேளுங்க. வேணாம்னுதான் சொல்வாரு. இன்னொரு தரம் கேளுங்க.