ஊதல் அன்ரி எடுத்துத் தந்த ஃபர் துணி

கனடாவில் எங்கள் ஸ்காபரோ முழுவதும் குளிருக்குக் கோட் போடுகிறது. ஆனால் கோட் துணியை எடுக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான். டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எட்டாம் மாடியில் தையல் மெஷின் வைத்திருந்த ஊதல் அன்ரி. ஃபர் துணியைக் கண்டால் குனிந்து "ஃபூ" என்று ஊதுவார். மயிர் விலகி அடித்துணி தெரிந்தால் அந்தத் துணியின் கதை அன்றோடு சரி.

என் மனைவிக்கு முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா. குளிர்காற்றுப் பட்டால் நெஞ்சு இழுக்கும். மார்கழி விடியற்பூசைக்குப் போக முடியாமல் போய்விடுமோ என்று ஐப்பசியிலேயே அழத் தொடங்கிவிட்டாள். நாங்கள் சைவம்; மிருகத்தின் தோலைப் போட்டுக்கொண்டு கும்பிட மனம் வராது. அதனால் பொய் ரோமம்தான் வேண்டும் என்று அன்ரியிடம் போனோம்.

துணிக்கடையில் அவர் பதினொரு உருளைகளை ஊதினார். "உது ஊதினா மொட்டை தெரியுது. காத்து உள்ளுக்கு வந்து குடியிருக்கும்" என்று தள்ளிவிட்டார். பன்னிரண்டாவதை நிலத்தில் விரித்து, அதன்மேல் சம்மணம் கட்டி இருந்துவிட்டார். கடைக்காரி ஓடி வந்தாள்.

"அன்ரி, எழும்புங்கோ" என்றேன்.

"பொறும் தம்பி. இவ பஸ்ஸால இறங்கேக்க பின்பக்கம் படிஞ்சு போகக் கூடாதெல்லே."

எழும்பினார். மயிரும் கூடவே எழும்பியது. "இதுதான்" என்றார்.

கோட் மிக நன்றாக வந்தது. அதுதான் வினை. மார்கழி முதல்நாள் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு அம்மா என் மனைவியை மறித்தார். "பிள்ளை, தோலைப் போட்டுக்கொண்டோ சுவாமிக்கு முன்னால போறீர்?" நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி வீட்டுக்கு வந்து, "இனி நான் போகேல்லை" என்று படுத்துவிட்டாள்.

அன்ரிக்குப் போன் எடுத்தேன். "நாளைக்குக் கோட்டோட கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் எங்களுக்கு முதலே வாசலில் நின்றார். கோட்டிலிருந்து நாலு மயிரைப் பிடுங்கி, கற்பூரச் சட்டியில் காட்டி, அந்த அம்மாவின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மணந்து பாருங்கோ. தலைமயிர் எரிஞ்ச மணமோ, பிளாஸ்டிக் எரிஞ்ச மணமோ?"

அம்மா மணந்தார். தும்மினார். "பிளாஸ்டிக்தான்."

"ஓம். அப்ப அவவை உள்ளுக்கு விடுங்கோ."

அம்மா வழிவிட்டார். விட்டுவிட்டு, "எனக்கும் உதில ஒண்டு தைச்சுத் தருவியளோ?" என்றும் கேட்டார்.

அன்ரி அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அவர் பெயரில் அர்ச்சனை செய்விக்க வேண்டும் என்று மனைவி உள்ளே நின்றாள். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அன்ரியின் உண்மைப் பெயரே எங்கள் இருவருக்கும் தெரியாது.

"ஊதல் அன்ரி எண்டு சொல்லுங்கோ ஐயா. பிள்ளையாருக்கு ஆளைத் தெரியும்" என்றாள் மனைவி.

ஐயர் சிரிக்காமல் அப்படியே சொன்னார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். எனக்கென்று அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.