எங்கள் வீட்டு வாசல் இலக்கியம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான், உன் அண்ணி, மகள் மூவரும் சுகம். அங்கு எல்லோரும் சுகம் என்று உன் மனைவி போனில் சொன்னாள். நீயும் ஒரு வரி எழுதினால் உறுதி செய்துகொள்வேன். நிருபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும், இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லாத எதையும் நான் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். மகளின் பள்ளிக்கூடமும் கடல் கடந்த ஒரு பள்ளிக்கூடமும் மாணவர்களை மாற்றிக்கொள்கின்றன. இலக்கியம், பண்பாட்டு மரபு என்று அதற்குப் பெயர். அவர்கள் பெண் இங்கே வந்து தங்குவாள். விடுமுறையில் நம் பெண் அங்கே போவாள். தங்குகிற வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற கதையோ பாட்டோ கேட்டு, கடைசி நாள் மேடையில் சொல்லிக்காட்ட வேண்டும். "அனுப்புங்கண்ணா, பிள்ளை நாலு இடம் பாக்கட்டும்" என்று நீதான் தூண்டிவிட்டாய். தலையாட்டிவிட்டேன். சம்மதக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

வந்தவள் முதல் நாளே என்னை "அப்பா" என்றாள். பெற்ற மகளே காரியம் ஆகவேண்டி இருந்தால்தான் அப்படிக் குழைவாள். இவளுக்கு என்ன காரியம் என்று அப்போதே பொறி தட்டியது. உன் அண்ணி, "எங்க வீட்ல கதையும் இல்ல, பாட்டும் இல்லம்மா. இவரு பேசுறதக் கேக்கவே நேரம் பத்தல" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அதற்கும் அந்தப் பெண் முகம் வாடவில்லை. என் அலமாரிப் புத்தகங்களைத் தொடவில்லை. வாசல் நிலையைப் படமெடுக்கிறாள், தாழ்ப்பாளைப் படமெடுக்கிறாள், யாராவது செருப்பு மாட்டினால் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். ஒரு வீட்டில் ஆள் எப்போது போகிறார்கள், வருகிறார்கள் என்று யார் நோட்டம் விடுவார்கள், நீயே சொல். நான் சும்மா இருப்பேனா? அவள் நூலகம் போனால் நான் தூணுக்குப் பின்னால், பஸ்ஸுக்கு நின்றால் விளம்பரத் தட்டிக்குப் பின்னால், தெருவில் நடந்தால் தையல்காரர் கடையில் தொங்குகிற சட்டைகளுக்குள்ளே. "அண்ணே, அளவு எடுக்கணுமா, ஆளப் பாக்கணுமா?" என்றார் தையல்காரர். குடைந்ததில், "உங்களப் பத்தித்தான் விசாரிச்சுது. வாசல்ல நின்னு என்ன கேப்பீங்கன்னு நம்ம பாப்பாவ விட்டுக் கேக்கச் சொல்லிச்சு" என்றார். ஆக, என் மகளும் கூட்டு. உன் அண்ணியிடம் சொன்னால், "அது பொண்ணு மாதிரிதான் இருக்கு. நீங்கதான் போலீஸ் மாதிரி இருக்கீங்க" என்கிறாள்.

கடைசி நாள் மண்டபம் நிறையப் பெற்றோர். ஒருவன் பாடினான், ஒருத்தி ராஜா கதை சொன்னாள். பிறகு நம் விருந்தாளி. என்னுடைய மாதிரியே ஒரு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு கையால் வழியை மறித்துக்கொண்டு, தமிழிலேயே ஆரம்பித்தாள்: "எங்க போற? கூட யாரு? அவங்கப்பா என்ன பண்றாரு? எப்ப வருவ? யாரு சொன்னா?" மண்டபம் குலுங்கியது. நம் பெண் பக்கத்தில் நின்று விளக்கம் கொடுத்தாள்: "இது அப்பா கேக்கிறது. தாத்தாவும் இதே வரிசையில, ஒரு சொல் மாறாமக் கேட்டிருக்காரு. தனித்தனியா ரெண்டு பேர்கிட்ட உறுதி பண்ணிட்டோம்." எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து நின்று, "இதை யாரு சொன்னா?" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் கைதட்டல் அடங்கவே இல்லை.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். நம் அப்பா வாசலில் நின்று கேட்டதைக் காதால் கேட்டவர்களில் என்னைத் தவிர மிஞ்சியிருப்பது அக்காவும் நீயும்தான். அக்கா ஒப்புக்கொண்டுவிட்டாள். இரண்டாவது ஆள் யார்?

இனி நம் பெண்ணை அனுப்புவதாக இல்லை. நம் வீட்டிலேயே அவளை உளவு பார்க்க வைத்தவர்கள், அங்கே என்னென்ன செய்வார்களோ. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்க போற, எப்ப வருவன்னு கேக்க வாசல்ல ஒரு ஆளாவது உண்டா, ஒண்ணும் தெரியல. முடியாது என்று சொன்னதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எடுத்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரியில் அடுக்குகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. நீ சொன்னால் கேட்பாள். பயணம் கிடையாது என்று நீயே சொல்லிவிடு.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், வாயை அடக்கியும் வாழ்க.

உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது போன் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்த அந்தப் பெண்ணின் அப்பா. பேசாமல் இருந்த நம் மகள்தான் மொழிபெயர்த்தாள். நம் பெண் எப்போது வருகிறாள், கூட யார், அவள் அப்பா என்ன செய்கிறார், எப்போது திரும்புவாள் என்று குடைந்து எடுத்துவிட்டார். கடைசியில், "என் பெண் வெளியே எடுத்த எல்லாப் படத்திலும் பின்னால் ஒரு ஆள் ஒளிந்து நிற்கிறானே, யார் அது? நீங்கள்தான் என்கிறாள். வேறு யாராவது சொன்னால்தான் நம்புவேன்" என்றார். தங்கமான மனிதர். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் பெரிய பெட்டியை உடனே கொடுத்தனுப்பு. உன் போன் நம்பரைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால், படத்தில் ஒளிந்து நிற்பது எங்கள் தெரு வாட்ச்மேன் என்று சொல்லிவிடு.