விளக்கு பக்கவாட்டில்தான் இருக்கும்

மொண்டேவிடியோ,
செப்டம்பர், மழை விடாத வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி லீபெருக்கு,

அண்ணன் எல்பியோ எழுதுவது. சால்ட்டோவின் வெந்நீர் ஊற்று உன் விரல் மூட்டுகளுக்குக் கொஞ்சமாவது இரக்கம் காட்டியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், உன் அண்ணி நிபியா நலம், நீ என்னை நம்பி விட்டுப்போன கஞ்சா நாற்றுகளும் நலம். அதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. அண்ணி உன்னிடம் தொலைபேசியில் பேசிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னது பாதி. மீதி என்னிடம் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய். கடிதத்தில் யாரும் நடுவில் கத்த முடியாது.

முதலில் கூரை. நீ பஸ் ஏறியதுமே மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் நிபியா சும்மா இருப்பாளா, மாவைப் பிசைந்து தோர்த்தா ஃப்ரீத்தா பொரிக்க ஆரம்பித்துவிட்டாள். சூடாக இரண்டை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் பின்கட்டுக்கு வந்து உன் கதவைத் தட்டினேன். தட்டிய பிறகுதான் நீ ஊரில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த மறதிதான் உன் நாற்றுகளைக் காப்பாற்றியது. உள்ளே கூரை ஒழுகி, தண்ணீர் சரியாக விளக்கின் கம்பி மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு தொட்டிகளையும் விளக்கையும் எங்கள் சாப்பாட்டு அறைக்குத் தூக்கி வந்தேன். ஒரே வீடு, ஆறு செடிக்கு அரசாங்கம் கொடுத்த ஒரே பதிவு, சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றும் நடக்கவில்லை. போன வருடச் செடியின் பூவை எண்ணெயில் போட்டு அண்ணி காய்ச்சிக் கொடுத்த தைலத்தைத் தேய்த்துத்தான் நீ பிப்ரவரி ஊர்வலத்தில் மேளம் அடித்தாய் என்பதையும், இந்த வருடம் இவை பிழைக்காவிட்டால் நடைபாதையில் நாற்காலி போட்டு அடுத்தவன் அடிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய் என்பதையும் எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் தினமும் ஞாபகப்படுத்துகிறார்கள்.

அடுத்தது விளக்கு. பஸ் கிளம்பும்போது ஜன்னலில் இருந்து பாதி உடம்பை வெளியே விட்டு நீ என்ன கத்தினாய்? "அண்ணா, வெளக்கு நேர் மேல தொங்கணும்! கன்னு சின்னதா இருக்கறப்ப நல்லா ஒசரத்துல கட்டு! வளர வளர ஏத்திக்கிட்டே போ! உன் மேடை வித்தையெல்லாம் காட்டாத!" எல்லாம் கேட்டது. எனக்குக் காதில் கோளாறு இல்லை, சம்மதம்தான் இல்லை. கார்னவல் மேடைகளில் முர்கா கேலிப்பாட்டுக்காரர்களுக்கு விளக்குப் போட்டே கிழவனானவன் நான். எந்தப் பள்ளிக்கூடமும் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை. ஏணியில் ஏறினேன், விழுந்தேன், மறுபடி ஏறினேன். உச்சந்தலைக்கு மேலே விளக்கைத் தொங்கவிட்டால் கண் இரண்டும் குழியாகிவிடும், முகவாய் நெஞ்சில் நிழலாக விழும், உயிரோடு பாடுகிறவன் பிணமாகத் தெரிவான். மனிதனுக்கே இப்படி என்றால் பால் மணம் மாறாத நாற்றுக்கு? ஆகவே அலமாரித் தட்டில் விளக்கைச் சாய்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து முகத்தில் அடிக்கிற மாதிரி போட்டேன். தொட்டிகளைப் பாடகர் குழு போல அரைவட்டமாக நிறுத்தினேன். ஐஸ் குச்சியில் முதல் குரல், இரண்டாம் குரல், அடிக்குரல் என்று பெயர் எழுதி ஒவ்வொன்றுக்கும் முன்னால் செருகினேன். பார்க்க அழகாக இருந்தது. இதை அண்ணி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

கொஞ்ச நாளில் நாற்றுகள் எல்லாம் விளக்குப் பக்கம் சாய்ந்தன. நிகழ்ச்சி முடிந்து சபைக்கு வணக்கம் சொல்வார்களே, அதே பணிவு.

"பாத்தியா, கும்புடுதுங்க" என்றேன் நிபியாவிடம்.

"கும்புடல கிழவா, விழப்போகுதுங்க. தண்டு நூல் மாதிரி போயிடுச்சு. லீபெர் சொன்ன மாதிரி மேல கட்டு."

"மேல கட்டுனா கண்ணு குழியாயிடும்."

"நாத்துக்கு ஏதுய்யா கண்ணு?"

விளக்கை எதிர்ப்பக்கம் மாற்றினேன், அந்தப் பக்கம் சாய்ந்தன. பழைய தட்டுக்கே கொண்டுவந்தேன். கிட்டே கொண்டுபோனேன், ஓர் இலையின் நுனி வெளுத்தது. தள்ளி வைத்தேன், கழுத்தை நீட்டின. அண்ணியின் பின்னல் ஊசிகளை எடுத்து முட்டுக் கொடுத்தேன். அவை உனக்குக் கையுறை பின்னிக்கொண்டிருந்த ஊசிகளாம். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு சுல்மா மாத்தே தேநீர்க் குடுவையும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டாள். ஊசிகள் உடனே திரும்பிப் போயின. தண்டு தடிக்கட்டும் என்று நிபியா சின்ன மின்விசிறியைப் போட்டாள். இலைகள் நடுங்கின. மேடை பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அணைத்துவிட்டேன். அவள் போட்டாள். நான் அணைத்தேன். ஒரு வாரம் எங்கள் குடும்ப வாழ்க்கை இவ்வாறு நடந்தது.

வெள்ளை வெளிச்சத்தில் யார்தான் நன்றாக இருப்பார்கள்? என் பழைய பெட்டியில் இருந்து சிவப்புக் கண்ணாடித் தாளை எடுத்து விளக்கின் மேல் ஒட்டினேன். நாற்றுகளுக்கு ஒரு கம்பீரம் வந்தது. வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் போனது. மறுநாள் மணி அடித்தது. பச்சைக் கோட்டுப் போட்ட ஓர் அம்மாள்.

"ஐயா, உம்பாண்டா சாமி குறி சொல்றது இங்கதானே? செவப்பு வெளக்கு பாத்தேன்."

"இல்லம்மா, இங்க நாத்துதான் இருக்கு."

"தெரியுங்க, எல்லாம் வேர்லதான் இருக்கும்" என்று உள்ளே வந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "என் வீட்டுக்காரர் மினாஸ் பக்கம் போனவர் திரும்பல. திரும்புவாரா?"

நான் என்ன செய்வேன்? கண்ணில் பட்டது சாய்ந்து நிற்கும் நாற்றுகள்தான். "வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தாம்மா எல்லாம் திரும்பும்" என்றேன். தோட்டக்கலைதான் சொன்னேன், வேறொன்றும் இல்லை. அவள் போய் வாசல் விளக்கை எரியவிட்டிருக்கிறாள். அந்த மடையனும் திரும்பி வந்துவிட்டான்! நன்றிக்காக உயிருள்ள கோழி ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு அறையில் இறக்கினாள். நாங்கள் அவளோடு வாசலில் நின்று "வேண்டாம், எடுத்துப் போங்கள்" என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே அது அடிக்குரலைத் தின்றுவிட்டது. அடியோடு. குச்சி மட்டும் நின்றது.

இப்போது கத்தாதே. ஐந்து இருக்கின்றன. கோழியும் இருக்கிறது. தின்ற பிறகு மேசைக்கடியில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது போதை இல்லை, குற்ற உணர்ச்சி. இளங்கன்றில் சரக்கே இருக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். சுல்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "எல்பியோ ஐயா, என் பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ள வருவானான்னு அந்தக் கோழிகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்" என்கிறாள். சிவப்புத் தாளை எடுத்துவிட்டேன். கோழிக்காக இல்லை, வாசலில் கூட்டம் சேர்ந்ததால்.

அன்றுதான் நிபியா அந்தப் பேச்சைப் பேசினாள். மாத்தேயைக் கூட எனக்கு ஊற்றாமல் தானே குடித்துக்கொண்டு, "உன் பிடிவாதத்துக்கு லீபெரோட வெரல்தான் கெடச்சுதா? அவன் மேளத்த தொடலேன்னா பிப்ரவரில மூஞ்சிய எங்க வெச்சுக்குவ?" என்றாள். நான் எழுந்து நாற்றுகளிடம் போனேன். அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, தம்பி. சோற்றில் கை வைத்தால் எழுந்துபோய் விளக்கை ஒரு விரல் அளவு நகர்த்துகிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் நகர்த்தியது தப்பு என்று தோன்றுகிறது. முகம் மழிக்கும்போது பாதியில் ஓடிப் பார்க்கிறேன். மதியத் தூக்கம் ஒன்றுதான் எனக்கு அமைதி. ஆனாலும் விளக்கை மேலே தொங்கவிடவில்லை.

பலன் என்ன தெரியுமா? நிமிர்ந்துவிட்டன! ஐந்தும். இரண்டு வாரமாக ஒவ்வொன்றாக முதுகை நிமிர்த்தி, தண்டு தடித்து, இலை இலையாக விட்டு, சபையை நேராகப் பார்த்து நிற்கின்றன. விளக்கு அதே அலமாரித் தட்டில், அதே பக்கவாட்டில். இதற்கு உன் விவசாய ஞானம் என்ன விளக்கம் சொல்லும்? பழக வேண்டும், அவ்வளவுதான். புதுப் பாடகனும் முதலில் விளக்கைக் கண்டு கோணிக்கொள்வான், பிறகு நிமிர்வான். நிபியாவிடம் காட்டினேன். "ஆமா, அதிசயந்தான்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். தோற்றவர்களுக்கு அப்படித்தான் பேச்சு வராது.

ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை வந்ததும், சாப்பாட்டு மேசையில், சுல்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "அண்ணன் செய்ததுதான் சரி" என்று அண்ணியின் முன்னால் வாய் திறந்து சொல்ல வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம். அதுவரை தொலைபேசியில் கூப்பிடாதே.

வெந்நீரில் கையை அவசரப்பட்டு வெளியே எடுக்காதே. விரலைச் சொடுக்காதே. பிப்ரவரியில் உன் மேளச் சத்தத்தில் இந்தத் தெருவின் ஜன்னல்கள் அதிரட்டும், உன் பத்து விரலும் உன் பேச்சைக் கேட்கட்டும். அண்ணி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொல்லவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன் எல்பியோ

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு, பஸ் ஓட்டுநரிடம் கொடுக்கலாம் என்று மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து கிளம்பினேன். தெருமுனை வரை போன பிறகு மூக்குக்கண்ணாடியை மறந்தது தெரிந்து திரும்பினேன். சாப்பாட்டு அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் படுக்கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு உன் அண்ணி ஒவ்வொரு தொட்டியாக அரைச்சுற்று திருப்பிக்கொண்டிருந்தாள். திருப்பிவிட்டு, பெயர்க் குச்சியைப் பிடுங்கி மறுபடி என் பக்கம் பார்த்த மாதிரி செருகினாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "திரும்புடி கண்ணு, சீக்கிரம் திரும்பு, கிழவன் எழுந்துடுவான்" என்றாள் முதல் குரலிடம். தினமும் இதுதான் நடக்கிறது போலிருக்கிறது.

மேலே எழுதியதில் கோழி சமாசாரத்தை மட்டும் நம்பு. ஞாயிற்றுக்கிழமை மேசையில் யார் சரி என்ற பேச்சையே எடுக்காதே. விளக்கையும் தொடாதே, அது பக்கவாட்டில்தான் இருக்கும். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படுக்கைக்குப் போய்ப் படுத்துத்தான் இதை எழுதுகிறேன். நடுநடுவே பலமாகக் குறட்டையும் விடுகிறேன். இன்னும் இரண்டு தொட்டி பாக்கி இருக்கிறது, பாவம், அவள் அவசரப்படக் கூடாது.