மகளைப் போட்டிக்கு அனுப்ப முடியாது என்பது பற்றி

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் என்னைப் பேசவிடாமல் நீயே பேசி முடித்துவிடுகிறாய் என்பதால், குறுக்கிட முடியாதபடி கடிதமாக எழுதுகிறேன்.

உன் மருமகள், அதாவது நான் பெற்ற புத்திரி, பள்ளிக் கைப்பந்து அணியோடு வெளியூர் போய் இரண்டு நாள் தங்கப்போகிறாளாம். அப்பா கூட வரக்கூடாதாம். பதினைந்து வயது. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய், வேளாவேளைக்கு இன்சுலின் போட்டாக வேண்டும். நீயோ "அனுப்பித்தான் வையேன்டா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாய். இங்கே ராத்திரி தூங்காமல் கிடப்பது நானல்லவா?

போன வாரம் நடந்ததைக் கேள். அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சர்க்கரை இறங்கினால் என் போனில் அலறும். நான் சலூனில் வங்கி மேலாளருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அது அலறியது, என் கை உதறியது, மீசையில் பாதி போயிற்று, மனுஷன் கண்ணாடியைப் பார்த்து "யோவ்!" என்று கத்த, "சார், மிச்சத்தையும் எடுத்துடலாம், முகம் எடுப்பா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன், நான் போட்ட கூச்சலில் விளையாட்டு ஆசிரியர் பழச்சாறு பாட்டிலோடு பாய்ந்து, பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவள் வாயில் கவிழ்த்துவிட்டார், விடைத்தாள் பாதி நனைந்துபோயிற்று. கடைசியில் பார்த்தால், சென்சார் இருக்கும் கையைச் சுவரில் அழுத்திச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அழுத்தினால் அது தப்பாகக் காட்டுமாம். வீட்டுக்கு வந்து பையை வீசினாள். "சுகரை நான் சமாளிச்சுடுவேன்பா. உங்களைத்தான் சமாளிக்க முடியல. கிளாஸே சிரிக்குது!"

சுருக்கென்றுதான் இருந்தது. அதற்காக விட்டுக்கொடுப்பேனா? அவளுக்கு அவசரத்துக்கு ஆகுமென்று என் சட்டைப்பை, கால்சட்டைப்பை, கத்தரிக்கோல் டப்பா எல்லாவற்றிலும் மிட்டாய் வைத்திருக்கிறேன். அலறல் நின்றாலும் என் படபடப்பு நிற்பதில்லை, நானே ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்கிறேன். கவலையில் நாக்கு வறண்டு குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறேன், நுரை பூசிய முகத்தோடு ஆட்களை உட்காரவைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுகிறேன், சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பெண்ணைப் பெற்ற கவலை ஒரு மனிதனை எப்படி உருக்குகிறது பார்! ஆகவே அவள் போகக்கூடாது. நீ தலைகீழாக நின்றாலும் மாறமாட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

சொன்ன சொல்லில் நிற்கும்,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்ட வாயில் எச்சில் இல்லாமல் மறுபடி தண்ணீர் குடிக்கப் போனேன். உன் மருமகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "விரலைக் காட்டுங்க" என்று சொல்லிக் குத்தினாள். தெருவே எட்டிப்பார்க்கக் கத்தினேன். மீட்டரைப் பார்த்தவள் கேலி பண்ணவில்லை, மறுநாள் அவளே மருத்துவரிடம் கூட்டிப்போனாள். எனக்கும் சர்க்கரைதானாம். அவளுடையது வேறு வகை, எனக்கு இப்போதைக்கு மாத்திரை போட்டு வாயைக் கட்டினால் போதுமாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன் அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல பயமாத்தான் இருக்கும்பா. அப்புறம் பழகிடும். எனக்குப் பழகல?" என்றாள். குழந்தையாக இருந்தபோது இவளுக்கு இதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். நானே வழியனுப்பப் போகிறேன். மிட்டாய் மொத்தத்தையும் பறிமுதல் செய்துவிட்டாள். காலையில் என் சர்க்கரை அளவை அவளுக்கு அனுப்ப வேண்டுமாம், அனுப்பாவிட்டால் சலூனுக்குப் போன் போட்டுக் கூச்சல் போடுவாளாம். இரண்டு நாள்கூட என்னை நம்பித் தனியாக விடமாட்டேன் என்கிறாள். இது நியாயமா அக்கா, நீயே சொல்!