மாமனார் போட்ட கட்டு

முதல் சொட்டு மாப்பிள்ளையின் டீயில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது சொட்டு மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தால், கூடத்துக் கூரையின் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுண்ணாம்பு ஊறிக் கறுத்திருந்தது.

"அத்தை! மேல எங்கயோ ஒழுகுது!"

மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பதறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு கொலுப்படியில் பொம்மை அடுக்குகிற நிதானத்தோடு பீரோவின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தார்.

"யாரது கரண்டை நிறுத்தினது?" முன்னறையிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"மாடியில ஒழுகுதாம்."

"ஒழுகுதா!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மாமனார் காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். மாடிக் குழாயில் தான் போட்ட முடிச்சை விருந்தாளி ஒருவருக்குக் காட்டப் போய், ஸ்டூலிலிருந்து விழுந்து உடைந்த கால் அது. வீட்டிலிருந்த குழாய்கள் எல்லாம் அவரைவிட மூத்தவை. ஒழுகாத குழாயே கிடையாது. ஒவ்வொன்றிலும் சைக்கிள் டியூபும் பழைய துண்டும் சுற்றி, மேலே சணலால் இறுக்கி, பூ மாதிரி விரிகிற ஒரு முடிச்சைப் போட்டிருந்தார். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியபோது அவர் காட்டியது அறைகளை அல்ல, முடிச்சுகளைத்தான்.

"இந்த வீட்டு வாசப்படியை இதுவரைக்கும் ஒரு பிளம்பர் மிதிச்சதில்ல, மாப்பிள்ளை."

பல்பு மாற்றுவதற்கே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாப்பிள்ளை அன்றைக்கு அசந்துபோனார். அன்றிலிருந்து மாமனார் என்றால் அவருக்கு உயிர். அலுவலகத்தில் யார் எதைப் பற்றிப் பெருமை அடித்தாலும், "எங்க மாமனார் இருக்காரே..." என்று ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் மாமனார் விழுந்ததும் மூத்த மச்சினன் ஆரம்பித்துவிட்டான். "இனிமே இந்த ஓட்டை வீட்டை யாருப்பா பாத்துப்பா? வித்துட்டு என்கூட வந்துடுங்க." கோபத்தில் மாமனார் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். "என்னைக்கு ஒரு பிளம்பர் இந்த வீட்டுக்குள்ள கால் வெக்கிறானோ, அன்னைக்கு வித்துக்கோ. நானே கையெழுத்துப் போடறேன்."

அன்றைக்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. படுத்தபடியே குழாய்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை லீவு போட்டுத் துணைக்கு வந்திருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் மனைவி சொன்னது இதுதான்: "அப்பாவைப் பாத்துக்கறது கஷ்டமில்ல. வீட்டைப் பாத்துக்கோங்க."

"மாப்பிள்ளை!" மாமனார் கத்தினார். "மாடி பாத்ரூம்ல, வாஷ்பேசினுக்குக் கீழ! என் கட்டை அவுக்காதீங்க. மேலயே இன்னொரு சுத்து சுத்தி இறுக்குங்க."

மாப்பிள்ளை மாடிப்படி ஏறினார். நடுப்படி வழக்கம்போல 'கிறீச்' என்று அலறியது. டியூபைச் சுற்றினார். பல்லைக் கடித்து இறுக்கினார். கட்டு அசையவில்லை. குழாய் அசைந்தது. சொட்டிக்கொண்டிருந்தது இப்போது சுவரைப் பார்த்துப் பீச்சியடித்தது.

"மாமா, ஜாஸ்தியாயிடுச்சு!"

"வால்வை மூடுங்க! ஜன்னல் பக்கத்துல இருக்கு."

இருந்தது. துருவேறி இருந்தது. மாப்பிள்ளை இரண்டு கையாலும் திருகினார். கைப்பிடி திரும்பியது, திரும்பி, கழன்று, அவர் கையோடு வந்தது.

"மூடியாச்சா?"

"கைப்பிடி மட்டும் வந்திருக்கு, மாமா."

கீழேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "பரவாயில்ல. எல்லாக் குழாயையும் திறந்து விடுங்க. மேல்தொட்டி காலியாயிட்டா தண்ணி எங்கேர்ந்து வரும்?"

இந்த யோசனை வேறு யாருக்கு வரும் என்று மாப்பிள்ளை மெய்சிலிர்த்தார். ஓடி ஓடி எல்லாவற்றையும் திறந்தார். தொட்டி காலியாகிற வழியாக இல்லை, தண்ணீர் மட்டும் பாத்ரூம் நிறைய வந்தது. அங்கே சாக்கடை அடைத்திருந்ததால், வந்த தண்ணீர் மாடிப்படி வழியாகக் கூடத்துக்கு இறங்கியது.

அவர் வழுக்கிக்கொண்டு கீழே வந்தபோது மாமியார் கம்பளத்தைச் சுருட்டி மேஜைமேல் ஏற்றியிருந்தார். ஆல்பங்கள் பரணுக்குப் போயிருந்தன. நனைந்த நாற்காலிகள் ஜன்னலோரம் காற்றுக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தன. வாசல்படியில் சாக்கைப் போட்டு மடைகட்டித் தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். பாவம், வேறு எதுவும் தெரியாததால் சாமான்களை நகர்த்திக்கொண்டிருக்கிறார் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

"அத்தை, கூரை பொம்முது பாருங்க!"

நிஜமாகவே சுண்ணாம்பு தொப்பை போட்டுத் தொங்கியது.

"குத்தி விடுங்க!" என்றார் மாமனார். "கீழ வாளிய வெச்சுட்டு, குடைக்கம்பியால சின்னதா ஒரு ஓட்டை. தேங்கின தண்ணி நல்லபடியா இறங்கிடும்."

அது சரியான யோசனைதான். மாப்பிள்ளை குத்தியதுதான் சின்னதாக இல்லை. தண்ணீர் வாளியில் விழுந்தது. கூடவே கூரையில் பாதி மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது.

வெள்ளை வெளேரென்று நின்றவரை மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மாத்திரை நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனார். மாமனாரின் மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவருகிற மாத்திரை. வீடு முழுகும்போது எப்படி ஒரு மனுஷி இவ்வளவு அமைதியாக மாத்திரை கொடுக்க முடியும்? கணவன்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று மாப்பிள்ளை நெகிழ்ந்துபோனார்.

அரைத் தூக்கத்தில் மாமனார் முனகினார். "என்னால முடியலையேம்மா. கால் மட்டும் நல்லா இருந்தா..."

"நீங்க தூங்குங்க. எல்லாம் நின்னுடும்."

வெளியே வந்த மாமியாருக்குக் கண் கலங்கியிருந்தது. கையில் செல்போன் இருந்தது.

"மாப்பிள்ளை, கடைக்குப் போய் சோப்பு வாங்கிட்டு வந்துடறீங்களா? அப்படியே மெதுவா நடந்து, எங்கயாவது டீ குடிச்சிட்டு வாங்க. அவசரமே இல்ல."

வீட்டில் சோப்பு இல்லாமலில்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு அது கடவுள் கொடுத்த வாய்ப்பாகத் தெரிந்தது. மாமனாருக்குத் துரோகம்தான், ஆனால் வீடு பிழைக்க வேண்டுமே! தலையைத் தட்டிக்கொண்டே ஓடினார். அதிர்ஷ்டம் பாருங்கள், தெரு திரும்புவதற்குள் நரைத்த மீசையோடு ஒரு பிளம்பர், தோளில் பையும் கையில் குழாயுமாக எதிரிலேயே வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் வர்றீங்களா? அந்த முனை வீடு. ஆனா சத்தமே வரக்கூடாது. பெரியவர் தூங்கறார். பிளம்பர் வந்தது தெரிஞ்சா வீடே போயிடும்."

பிளம்பர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் மாப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். தலையில் சுண்ணாம்போடு நிற்பவன் மாப்பிள்ளையாகத்தான் இருப்பான் என்று பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாரே என்று மாப்பிள்ளை வியந்தார்.

யாரும் சொல்லாமலே பிளம்பர் பின்வாசல் பக்கம் போனார். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்ன இங்கிதம்! கல்யாணம் ஆனதிலிருந்து இன்றுவரை மாப்பிள்ளையைப் பார்த்து உறுமுகிற நாய், அவரைப் பார்த்து வாலாட்டியது. மாடிப்படியில் அந்தக் 'கிறீச்' படியை மிதிக்காமல் தாண்டிப் போனார். மாடியில் ஒரு பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, மாமனாரே சொல்லாத இன்னொரு வால்வைத் திருப்பினார். பீச்சியடித்த தண்ணீர் அப்படியே அடங்கிப்போனது.

மாப்பிள்ளைக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. சுவரைப் பார்த்தே குழாய் ஓடும் வழியைச் சொல்லிவிடுவார்போல. இவரையும் மாமனாரையும் ஒரே ஒரு தடவை பேசவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தார். நடக்காத காரியம்.

பிளம்பர் கட்டை அவிழ்த்துக் கீழே வைத்தார். விரிசல் விட்ட குழாயை அறுத்தெடுத்து, புதியதைப் பொருத்தி, சாக்கடை அடைப்பையும் எடுத்துவிட்டார். ஒரு 'டங்' சத்தம்கூட இல்லை. தண்ணீர் மடமடவென்று வடிந்தது.

அந்த நிசப்தம்தான் மாமனாரை எழுப்பியது.

"மாப்பிள்ளை! சத்தத்தைக் காணோமே. நின்னுடுச்சா?"

மாப்பிள்ளை மாடிக் கைப்பிடியில் எட்டிப் பார்த்துக் கத்தினார். "நின்னுடுச்சு, மாமா!"

"என் கட்டு மேலயே சுத்தினீங்க இல்ல?"

"ஆமா, மாமா."

"நான் சொல்லல? என் பெரிய பயலுக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்க, இந்த வீடு எங்கயும் போகாதுன்னு!" பழைய குரல் திரும்பியிருந்தது. "இந்தாம்மா, பசிக்குது. சாப்பாடு எடுத்து வை!"

ரொம்ப நாளைக்குப் பிறகு அவராகச் சாப்பாடு கேட்டது அதுதான். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பாத்ரூம் வாசலில் மாமியார் நின்றிருந்தார். பிளம்பரைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, தப்புப் பண்ணிட்டேன். வேற வழி தெரியல. வாசப்படி மிதிக்கல, பின்வாசல் வழியாத்தான் வந்தார். மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவர் மனசு உடைஞ்சிடும்."

பிளம்பர் கீழே கிடந்த டியூபையும் துண்டையும் எடுத்து, தண்ணீரைப் பிழிந்து உதறினார். புதுக் குழாயின்மேல் பொறுமையாகச் சுற்றினார். பிறகு சணலை மாமியாரிடம் நீட்டினார்.

"எப்பவும்போல முடிச்சை மட்டும் நீங்க போட்டுடுங்கம்மா. ஐயா போடற மாதிரியே உங்களுக்குத்தானே வரும்."