தபாலில் போன அத்தாவின் குறிப்புகள்

புதிதாக வேலை கிடைத்த கம்ப்யூட்டர்காரனைக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாற விடலாம். அழைப்பிதழ் பக்கம் மட்டும் விடக் கூடாது. அனுபவித்தவன் சொல்கிறேன்.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. ஒரு மென்பொருளில் கிடக்கும் விவரங்களை நிரல் எழுதி எடுத்து, வேர்டு கடிதங்களில் தானாக நிரப்ப வைப்பது. (பீற்றிக்கொள்ள அதுவே தாராளம்.) தங்கை ரஹ்மத்தின் நிக்காஹ்வுக்காகக் கூத்தாநல்லூர் வந்தபோது, அத்தாவின் ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர்களுக்கு அழைப்பு அனுப்பக் கையால் முகவரி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் எந்திரிங்க. பில் போடுற கம்ப்யூட்டர்லயே எல்லார் பேரும் இருக்கு. நான் பாத்துக்குறேன்" என்றேன்.

அதில் பெயருக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். முதல் ஆளுக்கு 'ஹாஜி' என்றிருந்தது. பட்டம் போடும் இடம் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டி, ஜனாபுக்கும் பெயருக்கும் நடுவில் அதைச் சேர்த்துவிட்டேன். மற்ற ஆட்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கடிதங்கள் மளமளவென்று அச்சாகி, அன்றைக்கே தபாலில் சேர்ந்தன.

எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு அப்துல் காதர்கள். யார் எவரென்று தெரிய, அத்தா அந்தக் கட்டத்தில்தான் அடையாளம் குறித்து வைத்திருந்தார். இது எனக்குத் தெரிந்தது, நீடாமங்கலத்திலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் கடைக்குள் நுழைந்தபோதுதான். அவரும் எங்கள் வாடிக்கையாளர். கடிதத்தை நீட்டினார்.

'ஜனாப் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு ஒண்ணும் எடுக்காமப் போறவர் அப்துல் காதர் அவர்களுக்கு.'

கல்யாணம் நின்றுபோனால் ரஹ்மத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"எழுதுனது நான்தாங்க சம்பந்தி" என்றார் அத்தா, தலையைக் குனிந்தபடி. "ஆனா அனுப்புனது இவன்." (பெற்ற பாசம்.)

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து என் வீட்டுக்காரி இதைத்தான் சொல்றா தம்பி. நான் ஒத்துக்கிட்டதே இல்ல. நீங்க அச்சடிச்சு அவ கையிலயே குடுத்துட்டீங்க. வீட்ல இருக்க முடியல." பிறகு அத்தாவிடம், "பட்டுச் சேலை காட்டுங்க. எடுக்காமப் போனா உள்ள விட மாட்டா" என்றார்.

அன்றும் கடையையே பிரித்துப் போட்டார். ஆனால் எடுத்தார். கல்யாணமும் நடந்தது. வாசலில் அத்தா ஸலாம் சொன்ன விருந்தாளிகள் எல்லோரும், தங்கள் பெயரோடு குறிப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

அத்தா மவுத்தான பிறகு கடையை ரஹ்மத்தின் கணவர்தான் பார்க்கிறார். மென்பொருள் பலமுறை மாறிவிட்டது. பழைய குறிப்புகளை எல்லாம் அழித்தவர், கல்யாணம் முடிந்த கையோடு அத்தா ஒற்றை விரலால் தட்டிச் சேர்த்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு தடவையும் பத்திரமாகப் புதியதற்கு மாற்றிக்கொள்கிறார். பெருநாளைக்குச் சட்டை எடுக்கப் போனால், வீட்டார் எல்லோரும் சுற்றி நின்று, பில் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதை என்னைத்தான் சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். போன பெருநாளைக்கும் படித்தேன்.

'கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன். என் மகன். காசு வாங்க வேண்டாம்.'